முதல் கட்டுரையை எழுதுகிறவர்களோடு
அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1845இல் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். தனக்குக் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரைப் பின்னாளில் தன் பெயராக்கிக்கொண்டார். ஆக, ஆண்டுதோறும் இங்கே கூடி நாம் நினைவுகூர்வது ஓர் ஆசிரியரின் பெயரையும் சேர்த்துத்தான். இன்று பல பல்கலைக்கழகத் துறைகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். மாணவர் எழுதிய கட்டுரையின் தலையில் ஆசிரியர் தன் பெயரை எழுதிக்கொள்கிறார், அதுவும் முதல் பெயராக. இதற்குப் பிறகு வருவோம்.

1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் இறக்கும்வரை வாராவாரம் அதை நடத்தினார். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் நூலாதாரம் காட்டிப் பதில் எழுதினார். பட்டம் பெறாதவர் கேட்கும் கேள்வியையும் ஆய்வுக் கேள்வியாக மதித்து உட்கார்ந்து பேசுகிற வழக்கம் நமக்கு நூறாண்டுக்கும் மேல் பழையது. மன்றத்தின் சார்பில் நாங்கள் சிலர் செய்துவரும் வேலையை அந்த வழக்கத்தில் வைத்துத்தான் பேச விரும்புகிறோம்.

அந்த வேலை என்ன? முதன்முதலாக ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்ப நினைக்கிற நம் பிள்ளைகளோடு உட்காருவது. எம்.ஏ. முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பி.எச்டி. முதலாண்டில் இருப்பவர்கள், பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டுத் தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் வருகிறார்கள். எல்லோரும் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்கள். கைபேசியில் ஒரு கருத்தரங்க அறிவிப்பு இருக்கும். பென்டிரைவில் பாதிக் கட்டுரை இருக்கும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்.

முதலில் அந்த அறிவிப்பைத்தான் படிக்கிறோம். பாதி அறிவிப்புகள் அங்கேயே விழுந்துவிடும். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். நெறியாளர் பட்டியலில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் படம் இருக்கும். கட்டுரை நான்கு பக்கத்துக்கு மிகக்கூடாது, கட்டணத்தை இந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு ரசீதை இணைக்கவும் என்றிருக்கும். கட்டுரையை யார் படித்துத் தேர்வு செய்வார்கள் என்று ஒரு வரி இருக்காது. பணம் கட்டியவர் எல்லோருடைய கட்டுரையும் தலையணை கனத்தில் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு புத்தகமாகும். அதை எழுதியவரே திருப்பிப் பார்ப்பதில்லை. இந்தச் சந்தை வளர்ந்ததற்கு விதிகளும் ஒரு காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயம் என்றன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் சந்தை நீங்கவில்லை. சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவரிடம் நாங்கள் முகம் சுளிப்பதில்லை. வேலைக்கான நேர்காணலில் கேட்கிறார்கள், அவருக்கு வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொள், அதற்கு உன் நல்ல கட்டுரையைக் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்கிறோம்.

இனி கட்டுரைக்கு வருவோம். ஏறக்குறைய எல்லா முதல் வரைவும் ஒரே மாதிரி தொடங்குகிறது. வேத காலத்தில் நான்கு வருணங்கள் இருந்தன, பிறகு மனு வந்தார், வெள்ளைக்காரன் வந்தான், அரசியல் சட்டம் வந்தது. இதெல்லாம் முடிந்து எழுதியவரின் ஊர் வருவதற்குள் பன்னிரண்டாம் பக்கம் வந்துவிடும். அங்கே இரண்டு பத்தி, பிறகு 'முடிவுரை'. பெரிய விஷயத்தைச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் தெருவில் என்ன தெரியும் என்று எந்த வகுப்பறையிலும் கேட்கப்படாமலே பதினேழு வருடம் படித்தால் அப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு தம்பியின் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். அவர் கொண்டுவந்த தலைப்பு 'இந்தியாவில் சாதியும் இயற்கை வளங்களும்: ஒரு சமூகவியல் பார்வை'. முப்பத்தெட்டு பக்கம். அதில் ஒரு பக்கத்தில், ஊர் ஏரியின் மீன் ஏலத்தில் காலனிக்காரர்கள் கலந்துகொள்வதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. கட்டுரையை மூடி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டோம். ஏலம் எங்கே நடக்கும்? கோயில் வாசலில். யார் கூவுவார்? இன்னார். அப்போது உங்கள் ஆட்கள் எங்கே நிற்பார்கள்? தம்பி சிரித்துவிட்டார். "நாங்க அங்க போறதே இல்ல அக்கா. அது பொது ஏலம்."

பொது ஏலம், அதனால் நாங்கள் போவதில்லை. இதைச் சொல்லும்போது அவருக்கு அதில் விநோதமாக ஒன்றும் படவில்லை. அறையில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கும் படவில்லை. அவர்கள் ஊரிலும் அப்படித்தான். பொதுக் கோயில், பொதுக் குளம், பொதுச் சுடுகாடு, ஊர்ப்பொதுவில் புளியமரம். அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நாம் இல்லை. 'ஊர்' என்ற சொல்லிலேயே சேரி அடங்காதபோது ஊர்ப்பொதுவில் எப்படி அடங்கும்? அகராதியில் பொது என்றால் எல்லோருக்கும் உரியது. அந்த ஏரிக்கரையில் பொது என்றால் ஒரு சாராருக்கு மட்டும் உரியது, அதைச் சாதியின் பெயர் சொல்லாமலே சொல்வதற்கான சொல். அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு பக்கத்தில் மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். தலைப்பு மாறியது: 'பொது என்னும் சொல்: ஓர் ஏரியின் மீன் ஏலம்'.

அடுத்த மாதங்களில் தம்பி சேகரித்தவை கட்டுரைக்கு எலும்பாயின. ஏலத்தொகை வருடாவருடம் எவ்வளவு, அது எந்தத் திருவிழாவுக்குப் போகிறது, கரையைப் பலப்படுத்தவும் மதகு திறக்கவும் கூலிக்குப் போகிறவர்கள் யார், ஏரி வற்றும் கடைசி நாளில் சேற்றில் மிச்ச மீன் பிடிக்கக் காலனிப் பிள்ளைகளை எப்போது இறங்கவிடுகிறார்கள். இந்தக் கடைசிச் செய்தியைக் களப்பணிக்கு வெளியிலிருந்து வரும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சின்ன வயதில் இறங்கிப் பிடித்தவர்.

இந்த இடத்தில் நாங்கள் எல்லோருக்கும் கட்டாயமாகப் படிக்கக் கொடுப்பது பாபாசாகேபின் முதல் ஆய்வுக் கட்டுரை. 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியலாளர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் அதை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டு மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அது அச்சானது. இந்தியாவில் சாதிகள், அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி என்பது பொருள். நம் மேடைகளில் அதன் கருத்தை எல்லோரும் சொல்கிறோம். அதன் கட்டுமானத்தைப் பார்ப்பது குறைவு.

பாருங்கள், அவர் செய்வது என்ன? முதலில் செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகியோர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது சரி, எது போதவில்லை என்று பிரிக்கிறார். யாரையும் திட்டுவதில்லை, யாருக்கும் மாலை போடுவதுமில்லை. பிறகு ஒரே ஒரு கூறைப் பிடித்துக்கொள்கிறார், அகமணம். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுதியாகிறாள், மனைவி இறந்தால் ஓர் ஆண். அந்த மிகுதியை என்ன செய்வது என்ற கணக்கிலிருந்து உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் எப்படிப் பிறந்தன என்று காட்டுகிறார். அடைபட்ட ஒரு வகுப்பைப் பார்த்து மற்றவை எப்படி அடைபட்டன என்கிறார். கடைசியில், தன் கருத்து தவறென்று நிறுவப்பட்டால் அதைக் கைவிடவும் தயார் என்கிறார். ஒரு கேள்வி, முன்னோர் சொன்னது, அதில் உள்ள குறை, தான் வைக்கும் விளக்கம், அதன் எல்லை. முதல் கட்டுரை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கையேடு எங்களுக்குத் தெரியாது. முதல் பத்தியில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து அவரை மறந்துவிடும் கட்டுரைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவரிடமிருந்து கற்க வேண்டியது அவர் வாதத்தைக் கட்டும் விதம்.

அந்தக் கட்டுரையில் இன்னொன்றையும் காட்டுகிறோம். அதில் அவர் சொந்த வாழ்க்கை ஒரு வரியும் இல்லை. பயணத்தில் தண்ணீர் கிடைக்காத சிறுவன், பரோடாவில் தங்க இடம் கிடைக்காத இளைஞன், இவர்களை வேறோர் எழுத்தில் தனியே வைத்தார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற அந்த எழுத்து 1990இல்தான் தனி நூலாக வந்தது. இரண்டையும் எழுதத் தெரிந்தவர், எதை எங்கே வைப்பது என்று அவரே முடிவு செய்தார். நம் பிள்ளைகளுக்கு அந்த முடிவு எடுக்கும் உரிமை கிடைப்பதில்லை. தலித் மாணவர் என்றால் அனுபவம் சொல்ல வேண்டும், கோட்பாட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பல அமர்வுகளின் எழுதாத ஏற்பாடு. கோபால் குரு 2002 டிசம்பரில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இதைத்தான் கேள்வி கேட்டது. சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்கள் ஒரு பக்கம், தரவு திரட்டும் சூத்திரர்கள் மறுபக்கம் என்ற பிரிவினையை அவர் பெயரிட்டுக் காட்டினார். சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடுகிறவர்களிடம் வாதமும் செய்துவிட்டு வர வேண்டும். மீன் பிடித்த தம்பியின் சேற்று நினைவு கட்டுரையில் அரைப் பக்கம் வருகிறது. ஆனால் அது வருவது 'பொது' என்ற சொல்லைப் பற்றிய அவருடைய விளக்கத்துக்குச் சான்றாக.

'நான்' என்று எழுதலாமா என்பது அடுத்த சண்டை. தூய்மைப் பணியில் ஒப்பந்த முறை பற்றி எழுதிய தங்கை ஒருவர், தகவலாளர் பட்டியலில் முதல் ஆளை 'பெண், வயது 47' என்று போட்டிருந்தார். மூன்றாவது அமர்வில்தான் அது அவருடைய அம்மா என்று சொன்னார். சொன்னால் ஆய்வு சார்புடையது என்பார்களே என்று பயம். நாங்கள் அவரை அவருடைய எம்.ஏ. பாடத்திட்டத்துக்கே அழைத்துப் போனோம். எம்.என். சீனிவாஸ் 1948இல் ராம்புரா கிராமத்துக்குப் போனபோது ஊர்த்தலைவர் கொடுத்த இடத்தில் தங்கினார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோக, நினைவிலிருந்து எழுதிய புத்தகம் 1976இல் வந்தது. மேல்சாதியினர் நடுவிலிருந்தே பெரும்பாலும் ஊரைப் பார்க்க நேர்ந்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்து ஸ்ரீபுரத்தில் அக்ரகாரத்தில் தங்கினார். 1965இல் வந்த அவர் நூலை இன்றும் படிக்கிறோம். அங்கே தங்கியதால் மற்றத் தெருக்களுக்குப் போய்வருவதில் இருந்த வரம்பை அவரும் எழுதியிருக்கிறார். இந்த நூல்களைச் சார்பு என்று யாரும் ஒதுக்கவில்லை. அவர்கள் எங்கே தங்கினார்கள் என்று சொன்னார்கள், நாம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படிக்கிறோம். நீயும் எங்கே தங்கினாய் என்று சொல், அம்மா வீட்டில் என்று எழுது, அங்கே இருந்ததால் எது தெரிந்தது, எதைக் கேட்க முடியாமல் போனது என்று எழுது என்றோம். கேட்க முடியாமல் போனது என்று அவர் எழுதிய பத்திதான் கட்டுரையிலேயே நல்ல பத்தி. அம்மாவிடம் மேற்பார்வையாளர் பேசும் மொழியைப் பற்றி மகளால் கேட்க முடியவில்லை. பக்கத்து வார்டில் வேலை செய்யும் வேறொரு பெண்ணிடம்தான் அதைக் கேட்டார்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம், ஏனென்றால் இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் வாயால் சொல்லச் சொல்கிறோம், கைபேசியில் பதிவு செய்கிறோம், அதைத் தமிழில் எழுதச் சொல்கிறோம், கருத்தரங்கம் ஆங்கிலத்தில் என்றால் கடைசியில் ஆங்கிலமாக்குகிறோம். நேரே ஆங்கிலத்தில் எழுதும்போது, தெரிந்த ஆங்கிலத்துக்குள் அடங்குவதை மட்டும் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஊர், சேரி, காலனி, வெட்டியான் ஆகிய சொற்களை அப்படியே வைத்து முதன்முறை வரும்போது விளக்கினால் போதும். சேரியை 'கிராமத்தின் ஒரு பகுதி' என்று மொழிபெயர்த்தால் கட்டுரையின் பாதிப் பொருள் போய்விடும். பிழை திருத்துகிறவர் பேனாவை எழுதியவர் கையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நாங்கள் கேள்வி கேட்கலாம், வாக்கியம் எழுதிக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு அந்த வாக்கியத்துக்கு மேடையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

மேற்கோள் காட்டுவதை வெறும் வடிவ ஒழுங்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பண்டிதரின் குடும்பக் கதை ஒன்றை அவர்களுக்குச் சொல்கிறோம். ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஓலைச்சுவடியை அவரிடம் கொடுக்க, அவர் வழியாக அது எல்லீஸிடம் போனது என்று பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். எல்லீஸ் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கந்தப்பன் பெயர், பேரன் எழுதியதால் இருக்கிறது. பண்டிதரின் எழுத்தே எண்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய இதழ்களுக்குள் கிடந்து, ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளியானபிறகுதான் பரவலாகப் படிக்கப்பட்டது. அடிக்குறிப்பில் ஒருவர் பெயரைப் போடுவதும் விடுவதும் என்ன செய்யும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. பாட்டியிடம் கேட்டதை எழுதினால் பாட்டி, ஊர், தேதி என்று குறிப்பிடச் சொல்கிறோம். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதை எழுதியவரையே உரக்கப் படிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் அவரே நிறுத்திவிடுவார்.

ஆனால் பெயர் போடக் கூடாத இடமும் இருக்கிறது. ஏரித் தம்பியிடம் திரும்புவோம். ராம்புராவும் ஸ்ரீபுரமும் புனைபெயர்கள். ஊரின் உண்மைப் பெயரை மறைப்பது சமூகவியலில் பழைய வழக்கம். ஆய்வாளர் வேலை முடிந்து டெல்லிக்கோ ஆக்ஸ்ஃபோர்டுக்கோ போய்விடுவார், ஊர் பத்திரமாக இருக்க வேண்டும். நம் தம்பி வேலை முடிந்து கடைசிப் பேருந்தில் அதே ஊருக்குத்தான் போகிறார். ஊர்ப் பெயரை மாற்றினாலும் கட்டுரையின் தலையில் அவர் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் ஏலம் கூவியவர் யாரென்று தெரியும். அவருடைய அப்பா கூலிக்குப் போவது அந்த ஏலக்காரரின் கொல்லைக்கு. ஏலத்தொகையை உறுதி செய்யத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று பேச்சு வந்தது. மனுவில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்பதால் கைவிட்டோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் இறந்தவர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காணொளி வெளியாகி, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அது செய்தியானது, செய்தி ஒருவகையில் காவலும் ஆனது. மீன் ஏலம் செய்தி ஆகாது. அதை எழுதுகிறவருக்கு அந்தக் காவலும் கிடைக்காது.

ஒரு மாதம் இதைப் பேசினோம். கட்டுரையை விட்டுவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கும் நியாயம் இருந்தது. அவருடைய அப்பாவிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று தம்பிதான் சொன்னார். அப்பா வந்தார், நாங்கள் படித்துக் காட்டினோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "எழுதட்டும் சார். கணக்கு மட்டும் தப்பா எழுத வேணாம், அத வச்சித்தான் சண்டைக்கு வருவாங்க" என்றார். பிறகு தம்பி அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களின் ஏலத்தையும் விசாரித்து மூன்றையும் சேர்த்து எழுதினார். உறுதி செய்ய முடியாத ஆண்டுகளின் தொகையை விட்டுவிட்டார். புகைப்படம் எதையும் சேர்க்கவில்லை. மூன்று ஊர் ஆனதும் கட்டுரை இன்னும் வலுவானது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஊரின் கெட்ட வழக்கம் என்று இனி யாரும் தள்ள முடியாது.

சுருக்கம் அனுப்பியாயிற்று, 300 சொல். முதல் கருத்தரங்கம் நிராகரித்தது. நிராகரிப்புக் கடிதத்தைப் பிரித்து வாசிப்பதற்கென்றே ஓர் அமர்வு வைக்கிறோம், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதைக் கட்டுரைக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்வதில்லை, தங்களுக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் கேட்ட குரல் மறுபடி கேட்கிறது. அந்தக் கடிதத்தில் இரண்டு குறை இருந்தது. செயற்பாட்டாளரின் துண்டறிக்கை போலிருக்கிறது என்பது ஒன்று. பொதுச் சொத்து பற்றிய முந்தைய ஆய்வுகளோடு உரையாடல் இல்லை என்பது இன்னொன்று. முதலாவதில் எந்த வாக்கியம் என்று சொல்லவில்லை, அதனால் திருத்த எதுவும் இல்லை. இரண்டாவது உண்மை. தம்பி மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்தார். 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் பாபாசாகேபைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, அச்சிட்ட உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற மறுத்தார், மாநாடு ரத்தானது, தன் செலவில் 1,500 படிகளை வெளியிட்டார். இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தன் பதிலையும் அவர் சேர்த்து அச்சிட்டதையும் சொல்ல வேண்டும். முடிவை மாற்றச் சொன்னால் மறுக்கலாம். வாதத்தை எதிர்த்தால் பதில் எழுத வேண்டும்.

இரண்டாவது கருத்தரங்கம் ஏற்றுக்கொண்டது. வெளி மாநிலம். பயணச் செலவைக் கருத்தரங்கம் முடிந்து இரண்டு மாதத்தில் திருப்பித் தருவோம் என்று கடிதம் சொன்னது. திருப்பித் தருவதற்கு முதலில் செலவழிக்கப் பணம் வேண்டும் என்பது கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஃபெலோஷிப் நேரத்துக்கு வந்தால் சமாளிக்கலாம். வருவதில்லை. ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் எழுதிவைத்த கடைசிக் கடிதத்தில்கூட, வரவேண்டிய 7 மாத ஃபெலோஷிப் பணத்தைப் பற்றி எழுதியிருந்தார். மன்றத்தில் ஒரு சுழல்நிதி வைத்திருக்கிறோம். இங்கிருக்கிற பலர் அதற்குக் கொடுத்தவர்கள். போகும்போது முன்பணம், திரும்பி வந்த தொகை அடுத்தவருக்கு. இதுவரை ஒருவரும் திருப்பாமல் விட்டதில்லை.

போவதற்கு முன் இங்கேயே ஒத்திகை. 12 நிமிடம், கடிகாரம் வைத்து. எழுதியதை வாசித்தால் 12 நிமிடத்தில் ஆறு பக்கம்தான் வரும். ஆகவே எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்து, அங்கே கேட்கப்போவதைக் கேட்கிறோம். இதெல்லாம் இன்னும் நடக்கிறதா? இது வர்க்கப் பிரச்சினை இல்லையா? நீங்கள் அந்தச் சமூகமா? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. தூய்மைப் பணி பற்றி எழுதிய தங்கையின் பதில்: "ஆமாம். நீங்கள் எந்தச் சமூகம் என்று சொன்னால், நீங்கள் இந்தக் கேள்வியை எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்வேன்." அதைச் சிரிக்காமல் சொல்ல அவருக்கு மூன்று ஒத்திகை ஆயிற்று.

ஆசிரியர் பெயர் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். ஏற்புக் கடிதம் வந்தபிறகு ஓர் ஆய்வு நெறியாளர், தன் பெயரை முதலில் போட்டு அனுப்பச் சொன்னார். கட்டுரையை அவர் அதுவரை படிக்கவில்லை. நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது. மறுத்துவிடு என்று மேடையிலிருந்து சொல்வது நமக்கு எளிது. முதல் சுருக்கம் அனுப்பும் முன்பே நெறியாளருக்கு மின்னஞ்சலில் வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்கச் சொல்லும் பழக்கத்தை நாங்கள் ஏற்படுத்தியது அதன்பிறகுதான். தேதியோடு ஒரு பதிவு இருக்கும். சிலர் உண்மையிலேயே படித்துக் கருத்து எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கட்டுரையில் நன்றி சொல்கிறோம். படிக்காதவர், பிறகு பெயர் கேட்கத் தயங்குகிறார். எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. அந்த முதல் கட்டுரை இரண்டு பெயரோடுதான் வாசிக்கப்பட்டது.

ஏரித் தம்பியின் கட்டுரையை இப்போது ஒரு தொகுப்பு நூலுக்குக் கேட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் பதிப்பாசிரியரிடமிருந்து மரியாதையான கடிதம் வந்தது. மூன்று ஊர்களின் உண்மைப் பெயரையும் ஏலத்தொகைக்கான ஆவணத்தையும் தங்களுக்கு மட்டும் காட்ட முடியுமா, அச்சில் வராது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான், ஆய்வு என்றால் யாராவது சரிபார்க்க வேண்டும். ஆவணம் என்று இருப்பது கோயில் நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கம். அதைத் தம்பிக்குக் காட்டியவர் ஊர்த்தெருக்காரர், தம்பியோடு பள்ளியில் படித்தவர். அவரிடம் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்டால், காட்டியதே வெளியே தெரியும். பதில் எழுத இந்த மாதம் 30ஆம் தேதிவரை அவகாசம் இருக்கிறது. தம்பி இந்த அவையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் மாடியில் இதைப் பேசுகிறோம். சட்டம் தெரிந்த தோழர்களும் களப்பணியில் இதுபோன்றதைச் சந்தித்த தோழர்களும் அவசியம் இருந்துவிட்டுப் போங்கள்.